சாம்பல் வந்த வழி

பங்கனபள்ளி என்ற பெயரைக் கேட்டதும் நம் நாவில் மாம்பழத்தின் இனிப்புத்தான் முதலில் ஊறும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்கள், கோடை பிறந்தவுடன் கடைத்தெருவில் பெயர் சொல்லித் தேடி வாங்கும் பழம் அது. அப்பழத்துக்குப் பெயர் தந்த ஊர் ஆந்திர மாநிலத்தில், முன்பு கர்நூல் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் நந்தியால் மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. அவ்வூருக்கு அருகில் ஜுர்ரேரு என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் ஜ்வாலாபுரம் என்று ஒரு கிராமம் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் வயல்களைத் தோண்டினால், மண் அடுக்குகளுக்கு நடுவே வெண்மையான பொடி ஒன்று அடுக்காகப் படிந்திருக்கக் காணலாம். சில இடங்களில் அதன் கனம் இரண்டரை மீட்டர். ஆள் ஒருவன் கை உயர்த்தி நின்றால் எட்டும் அளவு. கிள்ளி எடுத்து விரலிடையே தேய்த்தால் அரிசி மாவைப் போல் மென்மையாக இருக்கும். சற்றே அழுத்தினால் நறநறக்கும். இந்த நறநறப்புக்காகவே, பாத்திரம் துலக்கும் பொடியில் சேர்ப்பதற்கென்று அதனை வெட்டி எடுத்து வந்தார்கள்.

அந்தப் பொடி எரிமலைச் சாம்பல். ஆந்திர நாட்டில் எரிமலை ஏது என்று நேயர்கள் வினவலாம். இல்லைதான். ஊரின் பெயரில் ஜ்வாலை இருப்பதும் தற்செயலான பொருத்தமே அன்றி வேறில்லை. அந்தச் சாம்பலை உமிழ்ந்த எரிமலைவாய் சுமார் 2600 கிலோமீட்டருக்கு அப்பால், வங்கக் கடலையும் அந்தமான் கடலையும் கடந்து, இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவில் இருக்கிறது. காலம் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு.

இவ்வளவு தொலைவிலிருந்து வந்த பொருள் இரண்டரை மீட்டர் கனத்துக்கு எப்படிப் படிந்தது? எரிமலையிலிருந்து விலக விலகப் படிவு மெலிய வேண்டும் அன்றோ? இந்த ஐயத்தை வைத்துக்கொண்டுதான் இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். விடை காண வேண்டுமானால், ஜ்வாலாபுரத்தைச் சற்றே விட்டு விலகி, எரிமலை உமிழும் பொருள்கள் எந்த எந்த வழியில் பயணம் செய்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

நெற்களத்தில் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பாதி விளங்கிவிடும். முறத்தைத் தலைக்கு மேல் உயர்த்திக் காற்றுத் திசை பார்த்துச் சரித்தால், மணி பிடித்த நெல் காலடியில் குவியும். பதர் நான்கு முழம் தள்ளி விழும். தூசும் சண்டும் களத்தையும் தாண்டி அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேரும். ஒரே முறத்தில் இருந்தவைதாம். காற்று அவற்றை எடைக்கேற்பப் பிரித்துவிடுகிறது. எரிமலை வெடிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. முறம் பிடித்த கையின் உயரம் மட்டும் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆகும்.

தலையளவும் அதற்கு மேலும் உள்ள கற்கள் காற்றைப் பொருட்படுத்துவதில்லை. பீரங்கிக் குண்டு போல வளைந்து சென்று, பெரும்பாலும் எரிமலைவாயிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். உருகிய நிலையில் எறியப்பட்டுப் பறக்கும்போதே உருண்டு இறுகியவற்றை எரிமலைக் குண்டுகள் என்பர். 64 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை எல்லாம் இந்த வகை. அதற்குக் கீழே 2 மில்லிமீட்டர் வரையில் சரளை. அதற்கும் கீழ்ப்பட்டது எல்லாம் சாம்பல். சாம்பல் என்னும் சொல் நம்மை ஏமாற்றக்கூடும். அடுப்புச் சாம்பல் எரிந்து தீர்ந்த விறகின் மிச்சம்; எரிமலைச் சாம்பலோ எதுவும் எரிந்து உண்டானதன்று. பாறைக்குழம்பினுள் அடைபட்டிருந்த வாயுக்கள், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் ஒரே மூச்சில் நுரைத்து வெடிக்கும்போது, அந்நுரையின் குமிழிச் சுவர்கள் உடைந்து சிதறிய கண்ணாடித் துண்டுகளே அவை. ஜ்வாலாபுரத்துப் பொடி நறநறப்பதும், பாத்திரம் துலக்குவதும் இதனாலேயே.

ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணி, நொடிக்கு ஐந்து மீட்டர் போன்ற வேகத்தில் இறங்கும் என்று கொள்வோம். முப்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர அதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளோ நொடிக்கு அரை மீட்டர்தான் இறங்கும்; அது தரை தொடப் பதினாறு, பதினேழு மணி நேரம் வேண்டும். மேற்காற்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசுமானால், முதலாவது இருநூறு கிலோமீட்டருக்குள்ளும், இரண்டாவது ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். இன்னும் நுண்ணிய தூளுக்கு எல்லையே இல்லை என்று சொல்லலாம்.

ஆதலால் எரிமலைவாயிலிருந்து காற்றின் வழியே நடந்து சென்றால் இரண்டு மாற்றங்களைக் காண்போம். மணிகள் சிறுத்துக்கொண்டே போகும். அடுக்கும் மெலிந்துகொண்டே போகும். மெலிவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. குறிப்பிட்ட தொலைவு சென்றதும் கனம் பாதியாகிறது என்றால், மீண்டும் அதே தொலைவு சென்றால் அந்தப் பாதியும் பாதியாகும். இந்த ஒழுங்கைக் கொண்டு நில ஆராய்ச்சியாளர் செய்யும் வேலை சுவையானது. நூறு இடங்களில் குழி வெட்டி அடுக்கின் கனத்தை அளப்பார்கள். ஒவ்வொரு குழியிலும் கிடைத்த மிகப் பெரிய கல்லையும் அளப்பார்கள். சமமான கனம் உள்ள இடங்களைப் படத்தில் கோடிட்டு இணைத்தால், முட்டை வடிவான வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாகத் தோன்றும். வளையங்கள் நீண்டிருக்கும் திசை, அன்று காற்று வீசிய திசை. அவை கூடிக் குறுகும் இடம், எரிமலைவாய். கற்களின் அளவைக் கொண்டு இட்ட வளையங்களோ காற்றுக்குக் குறுக்கே எவ்வளவு அகன்றிருக்கின்றன என்பதிலிருந்து, சாம்பல் தூண் எவ்வளவு உயரம் எழுந்தது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பார்த்தவர் ஒருவரும் இல்லாத வெடிப்பின் உயரத்தைக் கல்லின் அளவு சொல்லிவிடுகிறது!

இந்திய மண்ணில் இதன் முதற் காட்சியை மட்டும் காண ஓர் இடம் உண்டு. போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் கடலிலிருந்து எழும்பி நிற்கும் பாரன் தீவுதான் அது. மனிதக் குடியிருப்பு இல்லாத அந்தச் சிறு தீவு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு உறங்கியிருந்துவிட்டு 1991இல் மறுபடியும் உமிழத் தொடங்கியது. அங்கே கரையேறுபவர் காண்பது கருங்கசடும், கரடுமுரடான எரிகுழம்புப் பாறையும், சரளையும்தாம். தீவே மூன்று கிலோமீட்டர் அகலம். ஆகையால் எரிமலைவாயின் காலடி மட்டுமே அங்கு உண்டு. தூசுக்கு உரிய இடமெல்லாம் கடலுக்கு அடியில். அந்தமானில் வாழும் நம் நேயர்கள் கப்பலில் சென்றபோது தொலைவிலிருந்து அதன் புகையைக் கண்டிருக்கலாம்.

இதுவரை சொன்னது பாதிதான். தூற்றிய நெல்லைப் போல் விழுவதற்கு மட்டுமே இந்த ஒழுங்கு பொருந்தும். எரிமலைப் பொருள் எல்லாம் வானத்தின் வழியே வருவதில்லை. இந்த மறுபாதியை அறியாமல் போனதால் மாண்டவர் பலர்.

இத்தாலியில் வெசூவியஸ் மலை கி.பி. 79இல் வெடித்த வரலாற்றை நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பாம்பேயி நகரம் மலைவாயிலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர். எர்க்குலேனியம் என்னும் சிறு நகரம் மேற்கே சுமார் 7 கிலோமீட்டர். எந்த நகரத்துக்கு ஆபத்து மிகுதி என்று கேட்டால், அருகில் இருப்பதற்கே என்போம். முதல் நாள் நடந்தது நேர்மாறானது. காற்று தென்கிழக்கே வீசியது. ஆகவே பாம்பேயியின் மீது நுரைக்கல் மழை பொழிந்தது. முதலில் வெண்ணிறக் கல், பிறகு சாம்பல் நிறக் கல். மறுநாள் விடிவதற்குள் ஏறத்தாழ 2.8 மீட்டர் கனத்துக்குத் தெருவெல்லாம் நிறைந்து, கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தன. இன்னும் தள்ளியிருந்த ஸ்டாபியேயிலும் கல் மழை பெய்தது. அருகில் இருந்த எர்க்குலேனியத்திலோ கொஞ்சம் சாம்பல் தூவியதோடு சரி.

அன்று மாலை எர்க்குலேனியத்தின் கடற்கரையில் நின்றவர்கள், தங்கள் ஊர் தப்பியது என்று எண்ணியிருந்தால் அவர்களைக் குறை கூற இயலாது. இரவு நடுச்சாமத்துக்குப் பின் அந்தச் சாம்பல் தூண் தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் சரிந்தது. சரிந்த பொருள் மேலே போகவில்லை. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் ஒன்றாய்க் கலந்து, மலைச்சரிவில் வெள்ளமாக இறங்கி ஓடியது. அனற்பெருக்கு என்று இதனைக் குறிப்போம். அடுத்தடுத்து வந்த அனற்பெருக்குகள் எர்க்குலேனியத்தைச் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் புதைத்தன. கடற்கரையில் படகுகள் நிறுத்தும் கொட்டில்களில் ஒண்டியிருந்தோரின் எலும்புக்கூடுகள், 1980ஆம் ஆண்டுகளில் தோண்டியபோது, சுமார் முந்நூறு கிடைத்தன. பாம்பேயியில் எஞ்சியிருந்தோரையும் மறுநாட் காலை அதே பெருக்குத்தான் மாய்த்தது. கல் மழைக்குத் தப்பியவர்கள் இதற்குத் தப்பவில்லை. ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு அப்பால் மிசேனத்தில் இருந்த இளைய பிளினி இவற்றையெல்லாம் தம் கண்ணுக்கு எட்டியவரையில் கண்டு, பின்னாளில் டாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியருக்குக் கடிதமாக எழுதி வைத்தார்.

இன்று இவ்விரு ஊர்களின் மண்ணையும் வெட்டிப் பார்ப்பவர்கள், எது வானத்தின் வழியே வந்தது, எது தரையின் வழியே வந்தது என்று தயக்கமின்றிச் சொல்லிவிடுவார்கள். வானத்திலிருந்து விழுந்தது பனி பெய்தாற்போல் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே கனத்தில் போர்த்தும். மணிகள் ஏறக்குறைய ஒரே அளவாய் இருக்கும். தரையில் ஓடி வந்ததோ பள்ளத்தைத் தேடி நிரப்பும். மேட்டில் மெலியும், பள்ளத்தில் தடிக்கும். கல்லும் மாவும் பிரிக்கப்படாமல் கலந்தே கிடக்கும். தூற்றாத நெல் என்று சொல்லலாம்.

தரை வழியே வருவனவற்றுள் இன்னொன்று சேற்று வெள்ளம். இது எரிமலைக்கு அருகில் உள்ளோரைவிடத் தொலைவில் உள்ளோருக்கே எமனாவதும் உண்டு. கொலம்பியா நாட்டில் நெவாதோ தெல் ரூயிஸ் என்னும் பனிமூடிய எரிமலை 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது. பெரிய வெடிப்பன்று. ஆனால் சூடான சாம்பலும் கல்லும் உச்சிப் பனியை உருக்கின. அந்த நீர் ஆற்றுப் பள்ளங்களில் இறங்கி, மண்ணையும் பாறையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, போகப் போகப் பருத்தது. ஆற்று வழியே எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வெடிப்புத் தொடங்கிய இரண்டரை மணி நேரத்துக்குள் ஆர்மேரோ நகரத்தை அடைந்தது. அன்று பிற்பகல் அவ்வூரில் விழுந்தது கொஞ்சம் சாம்பல்தான். தூற்றும் களத்தின் கணக்குப்படி அவ்வூர் ஆபத்து எல்லைக்கு வெகுதூரம் அப்பால். அந்த ஒரே இரவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர்.

ஆர்மேரோ நின்ற தரையே 1845இல் வந்த சேற்று வெள்ளத்தின் படிவு. அதற்கு முன்பு 1595இலும் ஒரு வெள்ளம் அதே வழியில் வந்திருந்தது. மண்ணைப் படித்தவர்கள் இதனை அறிந்து, ஆபத்தான இடங்களின் படத்தை வரைந்து, முந்தைய மாதமே வெளியிட்டும் இருந்தார்கள். படத்தில் ஆர்மேரோ இருந்தது. ஊரைவிட்டு மக்களை வெளியேற்றும் ஆணை மட்டும் உரிய வேளையில் வரவில்லை.

இனிச் சுமத்திராவுக்குச் செல்வோம். அத்தீவின் வடபகுதியில் தோபா என்னும் ஏரி இருக்கிறது; நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் சுமார் 30. பார்ப்பவர்க்கு அமைதியான மலைநாட்டு ஏரி. நடுவே சமோசிர் என்னும் பெரிய தீவு. உண்மையில் ஏரி முழுவதுமே எரிமலைவாய்தான். அடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும் மேலே இருந்த நிலம் ஆதாரமின்றிக் குழிந்து விழுந்தது. குழியில் நீர் நிரம்பியது. பின்பு குழியின் தரை மெல்ல மேலெழும்பிச் சமோசிர் ஆயிற்று. 74,000 ஆண்டுகளுக்கு முன்பு அது உமிழ்ந்த பாறைக்குழம்பு, இறுகிய பாறையாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ 2800 கன கிலோமீட்டர் என்பது ஒரு மதிப்பீடு. வெசூவியஸ் இதன் முன் அகல்விளக்கு.

இந்த ஏரிக்கும் நமக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. ஏரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், மேலைக் கடற்கரையில் பாருஸ் என்னும் பழைய துறைமுகம் இருக்கிறது. கற்பூரத்துக்குப் பெயர் பெற்ற அத்துறையில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088இல் தமிழில் கல்வெட்டு ஒன்று நாட்டினர். வெளிநாடு சென்ற தமிழர் சுமத்திராவில் தம் பெயரைக் கல்லில் விட்டு வந்தனர். சுமத்திராவோ அதற்கு வெகுகாலம் முன்பே தன் கல்லை நம் நாட்டில் விட்டுச் சென்றிருந்தது.

தோபாவின் கரையில் நின்றால் படிவு சாம்பலாகவே இராது. நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்தில் குவிந்த அனற்பெருக்கு, தன் சூட்டாலும் பாரத்தாலும் தானே இளகி, அமுங்கி, ஒட்டிக் கெட்டிப் பாறையாகியிருக்கிறது. அதனுள் நுரைக்கற்கள் அப்பளம் போல் நசுங்கியிருக்கும். இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் இப்பாறை, கடற்கரைவரையும் சென்று சேர்கிறது. மலாக்கா நீரிணைக்கு அப்பால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் லெங்கோங் பள்ளத்தாக்கில், அது சாம்பல் அடுக்காக மாறுகிறது. வங்கக் கடலின் அடியில் துளையிட்டு எடுத்த சேற்றுத் தண்டுகளில் மெல்லிய வரியாகத் தெரிகிறது. அதன் பின் ஜ்வாலாபுரம். அதற்கும் வடக்கே, மத்தியப் பிரதேசத்தில் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, சுமார் 3000 கிலோமீட்டர் தொலைவில். அரபிக் கடலின் அடியிலும் உண்டு. எதிர்த்திசையில் தென்சீனக் கடலிலும் உண்டு. வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு திசையில் காற்று வீசியிருக்கிறது என்பது இதனால் விளங்கும். 2013இல் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சேற்றிலும் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய 7000 கிலோமீட்டர். அங்கே அது அடுக்கன்று, வரியும் அன்று. கண்ணுக்குத் தெரியாத துகள்களைச் சேற்றிலிருந்து பிரித்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாய் எண்ணினார்கள்.

இவையெல்லாம் ஒரே மலையின் சாம்பல் என்று சொல்வது எவ்வாறு? கண்ணாடித் துகளின் மீது மின்னணுக் கற்றையைப் பாய்ச்சினால், அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்பது தெரியும். ஒவ்வோர் எரிமலை வெடிப்பின் கண்ணாடிக்கும் தனிச் சேர்க்கை உண்டு, கைநாட்டு மாதிரி. ஆனால் இங்கும் தூற்றுதல் ஒரு குழப்பத்தை விளைக்கிறது. தோபாவுக்கு அருகில் உள்ள பாறையை அரைத்துச் சோதித்தால் ஒரு கணக்கு வரும். இந்தியச் சாம்பலை அரைத்துச் சோதித்தால் வேறு கணக்கு வரும். காரணம், பாறைக்குழம்பில் குவார்ட்சு, பெல்சுபார் முதலிய படிகங்கள் மிதந்துகொண்டிருந்தன. அவை கனமானவை, ஆதலால் அருகிலேயே தங்கிவிட்டன. மெல்லிய கண்ணாடிச் சுவர்கள் மட்டும் நம் நாடு வந்தன. நெல்லையும் பதரையும் தனித்தனியே நிறுத்து, இவை வேறு வேறு வயலில் விளைந்தவை என்று தீர்ப்புக் கூறினால் எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இங்கும் நேரக்கூடும். அதனால்தான் மொத்தத்தை அரைக்காமல் கண்ணாடித் துகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் வாழும் நேயர்களுக்கு இங்கே ஒரு சொல். புணே மாவட்டத்தில் குக்டி ஆற்றங்கரையில் போரி என்னும் ஊரிலும் இத்தகைய சாம்பல் அடுக்கு இருக்கிறது. அது தோபாவின் எந்த வெடிப்பைச் சேர்ந்தது, அதன் வயது யாது என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலமாக வழக்கு உண்டு. அங்கே சுற்றிலும் காணும் கரும்பாறையோடு இதனைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. தக்கணத்தின் கரும்பாறை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்நிலத்தின் பிளவுகளிலிருந்தே பொங்கி, தேன்பாகு போல் பரந்து ஓடி இறுகிய எரிகுழம்பு. கரும்பாறை உள்ளூரது, வெண்சாம்பல் விருந்தாளி.

இப்போது நாம் தொடங்கிய ஐயத்துக்குத் திரும்பலாம். 2600 கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டரை மீட்டர் கனம் எவ்வாறு வந்தது? ஜ்வாலாபுரத்துக் குழியின் சுவரைக் கூர்ந்து நோக்கியவர்கள், அடித்தட்டு ஒன்று தனியே இருக்கக் கண்டனர். தூய்மையானது; மண் கலவாதது; பழைய தரையின் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே சீராகப் போர்த்தியது. அதன் கனம் சில சென்டிமீட்டர் மட்டுமே. வானத்திலிருந்து விழுந்தது அவ்வளவுதான். அதற்கு மேலே உள்ளதெல்லாம், சுற்றியிருந்த குன்றுகளின் மீது விழுந்த சாம்பலைப் பின்னர் மழை கழுவிக் கொண்டுவந்து பள்ளத்தில் நிரப்பியது. அதில் மண் கலந்திருக்கிறது. நீரோட்டத்தின் வரிகள் தெரிகின்றன. எரிமலை அனுப்பியது சில சென்டிமீட்டர். எஞ்சியதெல்லாம் ஆற்றின் கைவேலை.

இது வெறும் கணக்குத் திருத்தம் என்று எண்ண வேண்டாம். அன்று இந்தப் பள்ளத்தாக்கில் மனிதர் வாழ்ந்தனர். இரண்டரை மீட்டர் சாம்பல் வானத்திலிருந்து விழுந்திருக்குமானால், புல்லும் மரமும் நீரும் விலங்கும் எல்லாம் புதைந்திருக்கும். ஒருவரும் மிஞ்சியிருக்க முடியாது. சில சென்டிமீட்டர் என்றால் கதை வேறு. துன்பம்தான், சுனைநீர் கெடும், மேய்ச்சல் கருகும், மூச்சுத் திணறும், சில ஆண்டு பஞ்சமும் வரலாம். ஆனால் மழை அதனைக் கழுவிவிடும். புல் மீண்டும் முளைக்கும்.

தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டரும், மைக்கேல் பெட்ராலியாவும், அவர்தம் குழுவினரும் ஜ்வாலாபுரத்தில் அகழ்ந்து கண்டதை 2007இல் வெளியிட்டனர். சாம்பலுக்குக் கீழே கற்கருவிகள் கிடைத்தன. சாம்பலுக்கு மேலேயும் கிடைத்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே விதமாகச் செய்யப்பட்டவை. 2020இல் சோன் பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஆய்வும், டாபா என்னும் இடத்தில் கருவி செய்யும் முறை அந்த வெடிப்புக் காலத்தினூடே தொடர்ந்து வந்திருப்பதைக் காட்டியது. அக்கருவிகளைச் செய்தவர் எந்த மனித இனம் என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அவர்களுடைய எலும்பு எதுவும் அங்கே அகப்படவில்லை. உலகம் முழுவதும் எவ்வளவு குளிர்ந்தது என்பதிலும் ஒருமித்த முடிவு இல்லை. ஆயினும், தோபாவின் சாம்பல் இந்நாட்டு மனிதரை அடியோடு துடைத்துவிட்டது என்று முன்பு சிலர் உறுதியாகக் கூறியதை, இந்தக் கருவிகள் ஏற்க விடவில்லை. நம் கருத்தும் அதுவே.

அகழ்வுக்கு இடம் கிடைத்ததே சாம்பல் வெட்டுவோர் தோண்டிய குழிகளால்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வெட்டியிராவிட்டால், அடுக்கு வெளியே தெரிந்திராது. ஆனால் வெட்டுகிறவருக்கு மேலே உள்ள இரண்டரை மீட்டரும் ஒன்றுதான், அடியில் உள்ள அந்தச் சில சென்டிமீட்டரும் ஒன்றுதான். மண்வெட்டியில் சேர்ந்து ஏறி, சாக்கில் கலந்து, அரைவைக்குப் போய்விட்டால், எது வானத்தின் வழியே வந்தது, எது ஆற்றின் வழியே வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்தக் கருவியாலும் இயலாது.